மாயம் என்னும் சாக்கு

குழந்தைகளுக்கான படநூல்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் கல்விப்புலத்தில் ஒரு சொல் தவறாமல் வந்து விழுகிறது: மாயம். கேட்க இனிய சொல்தான். ஆனால் ஆராய மறுப்பதற்கு இதைவிட வசதியான சாக்கு வேறில்லை. ஒன்றை மாயம் என்று போற்றிவிட்டால், அதை ஆக்கிய கையையும் கருவியையும் அறிவையும் பற்றி வினவும் கடமை நீங்கிவிடுகிறது.

வங்கத்தின் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி குழந்தைகளுக்குக் கதை எழுதினார், படமும் வரைந்தார். தம் ஓவியங்கள் அச்சில் சிதைவதைப் பொறுக்காமல், சாயல்களைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையைத் தாமே பயின்றார். அது குறித்து இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகளும் எழுதினார். 1913இல் அவர் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் இதழுக்குப் பின்னே நின்றது அந்த உழைப்பு.

அவர் மகன் சுகுமார் ராயின் 'ஆபோல் தாபோல்' 1923இல், அவர் மறைந்த சில நாள்களில் வெளிவந்தது. அதில் வாத்தைக் குறிக்கும் ஹான்ஸும் முள்ளம்பன்றியைக் குறிக்கும் சஜாருவும் ஒட்டி 'ஹான்ஸ்ஜாரு' என்றொரு விலங்கு பிறக்கிறது. சொல்லில் நிகழ்ந்த புணர்ச்சிக்கு உடல் தருவது அவரே வரைந்த கோட்டோவியம். படத்தை நீக்கிப் பாட்டை மட்டும் பாடமாக வைப்பவர் பாதி நூலையே கற்பிக்கிறார்.

சென்னையின் தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. துர்கா பாய், பஜ்ஜு ஷ்யாம், ராம் சிங் ஊர்வேதி என்னும் மூன்று கோண்டு ஓவியர்களின் படைப்பு அது. அங்கே ஓவியமே மூலம். எழுத்து அதற்கு உரை.

இத்தனைக்குப் பின்னும், படம் என்பது எழுத்தறியாப் பருவத்தின் ஊன்றுகோல், எழுத்து வந்ததும் எறியத்தக்கது என்னும் எண்ணம் வகுப்பறைகளில் கோலோச்சுகிறது. பல நூலகப் பட்டியல்களில் ஓவியர் பெயரைத் தேடினாலும் கிடைப்பதில்லை. படநூலை ஆய்வுப்பொருளாகத் தேர்ந்த மாணவரிடம் 'இதில் இலக்கியம் எங்கே?' என்று வினவுவோர், எழுத்து மட்டுமே இலக்கியம் என்பதை எப்போது நிறுவினார்கள்?

ஆராய்ந்தால் வியப்பு அழிந்துவிடும் என்பதும் வெற்று அச்சமே. சுரங்களின் கணக்கை அறிந்தவர் இராகத்தில் உருகாமலா போகிறார்? முதற்கட்டமாக, படநூலின் ஓவியரை ஆசிரியருக்கு இணையாகப் பட்டியலில் பதியட்டும். ஆய்வேட்டில் மேற்கோளாக வரிகளை எடுத்தாள்வதுபோல் படங்களையும் எடுத்தாண்டு வாசிக்கட்டும். அதுவரை 'மாயம்' என்ற புகழுரை மரியாதையான புறக்கணிப்பே.