கல்லும் புட்டியும்

மாலை வேளைகளில் சங்கக் காரியாலயத்துத் திண்ணையில் நடைபெறும் விஞ்ஞானச் சர்ச்சைகளைக் குறித்து அங்கத்தினருள் சிலர் சலிப்புக் கொள்கின்றனர். நூலுக்கு வந்தவரும் உரத்துக்கு வந்தவரும் ஒன்றாய் அமர்ந்து, பாதி படித்த செய்தி ஒன்றை வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை வாதிடுவதால் யாருக்கு என்ன லாபம் என்பது அவர்கள் கேள்வி. நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லோம். வாதிடுகிற பத்துப் பேரில் ஒருவராவது "அதன் அளவு எவ்வளவு? அளந்தவர் யார்?" என்று கேட்பாராயின் அந்தப் பேச்சுக்குப் பயன் உண்டு. நம்முடைய குறை வேறு. எட்டாத தூரத்துச் செய்தியை இவ்வளவு கூர்மையாக விசாரிக்கிற நாம், நம் கிடங்குக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்ட செய்தியை விசாரிக்காமல் விட்டோம் என்பதே அது. இரண்டு உதாரணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒன்று ஒரு கல். மற்றொன்று ஒரு புட்டி.

2023ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி தென்கொரியாவின் தலைநகரான சியோலிலிருந்து ஒரு செய்தி புறப்பட்டது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ், பிராணவாயு ஆகியவை சேர்ந்த கறுத்த கல் ஒன்றைச் சூளையில் சுட்டு எடுத்திருப்பதாகவும், 127 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரையில் அது மின்சாரத்தைச் சிறிதும் தடையின்றிக் கடத்துவதாகவும் ஆராய்ச்சியாளர் சிலர் அறிவித்தனர். எல்.கே. 99 என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மின்தடை அறவே அற்றுப்போகும் இந்த அதிசயத்தை 1911இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் என்ற அறிஞர் பாதரசத்தில் முதன்முதல் கண்டார். ஆனால் அதற்காகப் பாதரசத்தைச் சுழிக்குக் கீழே 269 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. குளிர்விக்கத் தேவையில்லாத பொருள் ஒன்று கிடைக்குமாயின், மின்நிலையத்திலிருந்து விசைத்தறி வரையில் கம்பி வழியே வீணாகும் மின்சாரம் மிச்சமாகும். உலகம் பரபரப்படைந்ததில் வியப்பில்லை. காந்தத்தின் மேல் அக்கல்லின் ஒரு முனை எழும்பி நிற்கும் காட்சியை நம் திண்ணையிலும் கைபேசியில் காட்டாதவர் இல்லை.

பின்னர் நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. செய்முறையை அவர்கள் தம் அறிக்கையிலேயே எழுதியிருந்தபடியால், பல நாட்டு ஆராய்ச்சிச்சாலைகளும் அதே கல்லைச் சுட்டுப் பார்த்தன. டெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலை பத்து நாட்களுக்குள்ளாகவே தான் செய்த கல்லில் அத்தன்மை காணப்படவில்லை என்று வெளியிட்டது. கல்லில் அழுக்காகத் தங்கியிருந்த செம்புச் சல்பைடு, 104 டிகிரியை ஒட்டித் தன் அமைப்பு மாறும்போது மின்தடை சட்டென்று குறைகிறது என்றும், அதைத்தான் சியோலார் தவறாகப் புரிந்துகொண்டனர் என்றும் சீன நாட்டார் காட்டினர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அழுக்கு நீங்கிய பளிங்காகவே அதை வளர்த்தெடுத்தார்கள். அது மின்சாரத்தைக் கடத்துவதற்கு மாறாகத் தடுத்தே நிறுத்தியது. ஆகஸ்டு நடுவுக்குள் வழக்கு முடிந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை! சியோலாரை யாரும் வஞ்சகர் என்று ஏசவும் இல்லை, ஏச வேண்டியதும் இல்லை. செய்முறையை மறைக்காமல் கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

அந்தக் கல்லால் நம் அங்கத்தினருக்கு ஒரு காசு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. புட்டியின் கதை அப்படியன்று.

2021ஆம் ஆண்டு இஃப்கோ நிறுவனம் நானோ யூரியா என்னும் திரவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 500 மில்லி லிட்டர் கொண்ட ஒரு புட்டி, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாகும் என்று சொல்லப்பட்டது. 11,000க்கு மேற்பட்ட வயல்களில், 94 பயிர்களில் சோதித்ததில் மகசூல் சராசரி 8 சதவிகிதம் கூடியதாகவும் அறிவிக்கப்பட்டது. இஃப்கோ அந்நியர் கம்பெனி அன்று. 35,000க்கு மேற்பட்ட கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சொந்தமான ஸ்தாபனம். நம்மவர் சொன்னது என்பதனாலேயே நாம் கேள்வி கேட்கவில்லை போலும். நம்மவர் என்பதால்தான் கேட்டிருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சங்கத்துக் கணக்குப்பிள்ளை போதும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம். ஆகவே 45 கிலோ மூட்டையில் 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து உள்ளது. புட்டியில் 4 சதவிகிதம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. அரை லிட்டருக்கு அது 20 கிராம். ஒன்று மற்றொன்றைப்போல் ஆயிரம் மடங்கு.

இதற்கு ஒரு பதில் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி காற்றிலும் நீரிலும் வீணாகிறது, புட்டியில் உள்ளதோ நுண்துகளாய் இலைத்துளை வழியே நேராகப் பயிருக்குள் செல்கிறது என்கிறார்கள். யூரியா வீணாவது உண்மைதான். நிலத்தடி நீர் கெடுவதும், அதற்காக அரசு கொட்டிக் கொடுக்கும் மானியமும் நாடறிந்தவை. மூட்டையைக் குறைக்க ஒருவர் வழி தேடினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு பாழாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பயிருக்குச் சேர்வது 6 கிலோ 900 கிராம். புட்டியில் ஒரு துளியும் சிந்தாமல் சேர்ந்தாலும் 20 கிராம்தான். ஒரு குவிண்டால் நெல்மணியில் அடங்கியுள்ள தழைச்சத்து மட்டுமே ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும். 20 கிராமைக் கொண்டு இரண்டு கிலோ நெல்லுக்கு மேல் விளைய வகையில்லை.

இலைவழி உரம் நமக்குப் புதிதும் அன்று. உளுந்து பூக்கும் தருணத்தில் 2 சதவிகித டி.ஏ.பி. கரைசலைத் தெளிப்பவர்கள் நம் அங்கத்தினர். அதே முறையில் பத்து லிட்டர் நீரில் 200 கிராம் சாதாரண யூரியாவைக் கரைத்துத் தெளித்தால், பயிரின்மேல் விழும் தழைச்சத்து 92 கிராம். அதே பத்து லிட்டர் நீரில் புட்டியிலிருந்து, சொல்லப்பட்ட உச்ச அளவான 40 மில்லி லிட்டரைக் கலந்தால் விழுவது 1.6 கிராம். முன்னதற்கு ஆகும் செலவு ஒன்றேகால் ரூபாய்க்குள். புட்டி ஒன்றின் விலை தொடக்கத்தில் 240 ரூபாய். மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. மூட்டை விலைக்கு மானியம் உண்டு, புட்டிக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லுக்கு ஒரு மாதத்தில் கிடைத்த விசாரணை, புட்டிக்கு எப்போது கிடைத்தது? டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் இருவர் இந்த வாதங்களை மறுத்துக் கட்டுரை எழுதியது 2023இல். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெல்லிலும் கோதுமையிலும் இரண்டு ஆண்டுகள் சோதித்தனர். முழு அளவு யூரியா இட்ட வயலோடு ஒப்பிட, யூரியாவைப் பாதியாகக் குறைத்துப் புட்டியைத் தெளித்த வயலில் கோதுமை 21.6 சதவிகிதமும் நெல் 13 சதவிகிதமும் குறைந்ததாக அவர்கள் கண்டனர். அம்முடிவு செய்தித்தாளுக்கு வருவதற்குள் கோடிக்கணக்கான புட்டிகள் விற்றுப்போயின. இஃப்கோ தன் கட்சியை விட்டுவிடவில்லை. 2024இல் தழைச்சத்தை 20 சதவிகிதமாக உயர்த்திப் புதிய புட்டி கொண்டுவந்தது. அப்படிப் பார்த்தாலும் அதில் உள்ளது சுமார் 100 கிராம். மூட்டையின் இருநூற்றில் ஒரு பங்கு. மூட்டை கேட்டவரிடம் புட்டியையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள் என்ற முறையீடு பல மாநிலங்களிலும் எழுந்து, 2025இல் மத்திய வேளாண் அமைச்சரே அதை நிறுத்தும்படி மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது.

இவ்வளவையும் திண்ணையில் எடுத்துரைத்தால், உடனே எழும் மறுமொழி ஒன்று உண்டு. "போன பருவத்தில் நான் பாதி யூரியாதான் போட்டேன், புட்டி தெளித்தேன், விளைச்சல் குறையவில்லையே!" என்பார் ஒரு விவசாய அங்கத்தினர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வயலில் நேர்ந்தது அதுவே. இந்த இடத்தில்தான் நம் நெசவாளரின் புத்தி நமக்கு வேண்டும். நூலை நிறுத்துக் கொடுத்துத் துணியை நிறுத்து வாங்குவது சங்கத்து வழக்கம். துணியின் எடை சரியாக வந்துவிட்டது என்பதனால் நூல் முழுதும் வந்துவிட்டது என்று எந்த நெசவாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார். கஞ்சியின் எடை எவ்வளவு என்று கேட்பார். அதைக் கழித்த பிறகே கணக்குத் தீரும்.

வயலிலும் அவ்வாறே ஒரு கழித்தல் உண்டு. ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மிஞ்சி யூரியா கொட்டிய மண்ணில், ஒரு பருவம் பாதியாகக் குறைத்தால் விளைச்சல் குறையாமலே போகலாம். அது மண்ணில் தங்கியிருந்த பழைய சேமிப்பு. அந்தப் பெருமையைப் புட்டி எடுத்துக்கொள்கிறது. பாதி யூரியா மட்டும் இட்டு, புட்டி தெளிக்காமல் விட்ட பாத்தி ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால், கஞ்சி எது, நூல் எது என்று தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட பாத்தியை விட்டுவைத்த அங்கத்தினர் ஒருவரையும் இதுவரை நாம் காணவில்லை. குறை அவருடையதன்று. விற்க வந்தவர் அதைச் சொல்லவில்லை, சங்கமும் சொல்லவில்லை.

பஞ்சாபின் கோதுமை வயலில் கண்டதை நம் மண்ணுக்கு அப்படியே பொருத்தலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. அதற்கு விடை நம் மண்ணில்தான் இருக்கிறது. கல்லைச் சுடச் சூளையும் காந்தமும் வேண்டியிருந்தன. புட்டியைச் சோதிக்க நாற்பது சென்ட் நிலமும் ஒரு தராசும் போதும்.

ஆகவே பஞ்சாயத்தார் முன் நாம் வைப்பது இது. அடுத்த சம்பாப் பருவத்துக்குச் சங்க எல்லைக்குள் மூன்று அங்கத்தினரிடம் ஆளுக்கு நாற்பது சென்ட் கேட்டுப் பெறலாம். ஒவ்வொன்றையும் நான்காக வகுத்து, ஒரே விதை, ஒரே நாளில் நடவு, ஒரே பாசனம். முதற்பாத்திக்கு முழு யூரியா. இரண்டாவதற்குப் பாதி யூரியாவும் வெறும் நீர்த் தெளிப்பும். மூன்றாவதற்குப் பாதி யூரியாவும் புட்டியும். நான்காவதற்குப் பாதி யூரியாவும், புட்டி தெளிக்கும் அதே நாட்களில் 2 சதவிகிதச் சாதாரண யூரியாக் கரைசலும். எது எந்தப் பாத்தி என்பதைக் காரியதரிசி மட்டும் குறித்து, உறையிலிட்டு ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். அறுவடையன்று நூல் கிடங்கின் தராசையே களத்துக்கு எடுத்துச் செல்லலாம். நெல்லை நிறுப்பவர் நெசவாள அங்கத்தினராக இருப்பது நல்லது. எந்தக் குவியல் எந்தப் பாத்தியினது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எடைகள் எழுதி முடிந்த பின், மகாசபையில் எல்லோர் முன்னிலையிலும் உறையைப் பிரிக்கலாம். அதுவரையில் கிடங்கிலுள்ள புட்டிகளைக் கேட்பவருக்கு மட்டும் கொடுப்பது, கேளாதவர் கணக்கில் எழுதாதிருப்பது என்று ஒரு தீர்மானமும் வேண்டும்.