அளவுகோல் யார் கையில்?

“ஒரு விமானத்துக்குள்ளே எத்தனை கோல்ஃப் பந்துகளை அடைக்கலாம்?”

விந்தைக் கேள்வி! விளையாட்டுப் பிள்ளைகள் வேடிக்கைக்காகக் கேட்டதன்று, தோழா! கலிபோர்னியாவிலே கொலுவீற்றிருக்கும் கூகிள் நிறுவனத்தின் வாயிலிலே, வேலை நாடி வந்தோர்மீது வீசப்பட்ட கேள்வி வகை இது. விடை காணாது விழித்தவர் வியர்த்தனர். கேட்டவரோ விலாவுக்குள் சிரித்தனர்.

2013-ஆம் ஆண்டிலே, அந்நிறுவனத்தின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், நியூயார்க் டைம்ஸ் ஏட்டுக்குச் சொன்னார்: இத்தகைய புதிர்களெல்லாம் வீண், இவை எதையும் முன்னறிவிப்பதில்லை, கேட்பவர் தம்மை அறிவாளியென எண்ணி மகிழவே பயன்படும் என்று! உண்மை உரைத்தார், மகிழ்ச்சி. ஆனால், அதற்குமுன் அந்தப் புதிரிலே தடுக்கி விழுந்து திரும்பியோரை எவர் திரும்ப அழைத்தார்?

பொறியாளனுக்காவது கணக்கு உண்டு. சரியா, பிழையா என்று காட்டலாம். சந்தைப்படுத்தும் பணிக்கு வருபவனின் நிலையை எண்ணிப்பார்! அவன் சொல்லழகுக்கு எடைக்கல் ஏது? கேட்பவரின் மனமே தராசு. முதலிலே தொலைபேசி விசாரணை, அடுத்து மேலாளர், பிறகு குழுவினர், ஒருவர்பின் ஒருவராக. இடையிலே, “புதுப் பொருளொன்றைச் சந்தைக்குக் கொண்டுவரத் திட்டம் தீட்டி வாரும்” என்ற கட்டளை. இரவெல்லாம் விழித்து, வாங்குவோர் யார், வசீகரிக்கும் சொல் எது, செலவு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வருகிறான். காட்சியைக் காண்போமா?

“தோல்வியுற்ற நாள் ஒன்றைச் சொல்லும். கற்ற பாடத்தைச் சொல்லும்.”

“சொல்கிறேன். ஐயா, இத்திட்டத்துக்கு நான் உழைத்த உழைப்புக்கு...?”

“அது உமது ஆர்வத்துக்குச் சான்று!”

“சம்பளம்...?”

“பிறகு பார்ப்போம்!”

வேலை கிட்டாவிடில், ஆள் வெளியே, திட்டம் உள்ளே!

அமேசானிலே 16 தலைமைக் கோட்பாடுகள் உண்டு. வருபவன் தன் வாழ்க்கையையே அவற்றின் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தக் குழுவைச் சாராத ஒருவர், தரத்தை உயர்த்துபவர் என்ற பட்டத்தோடு அமர்ந்திருப்பார். அவர் வேண்டாம் என்றால், கதவு சாத்தப்படும்.

தரம்! தகுதி! திறமை! இந்த மந்திரச் சொற்கள் நமக்குப் புதியனவா, தோழா? 1951-இலே வகுப்புவாரி ஆணை உச்சநீதிமன்றத்திலே வீழ்ந்தபோது, நம் செவியிலே அறைந்த சொற்களல்லவா? தமிழகம் கிளர்ந்தெழுந்தது, அதே ஆண்டிலே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. முழம் போடுபவரின் கையே முழத்தின் நீளம் என்பதைப் பூக்கடையிலே கண்டவர்கள் நாம்!

“மனிதர் பிழை செய்வர், பொறி செய்யாது” என்பார் சிலர். அமேசான் அப்படியும் ஒரு பொறி சமைத்தது. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களைப் பயிற்றுவித்தது. வந்தவை பெரும்பாலும் ஆடவருடையவை. ஆகவே, மகளிர் என்ற சொல் கண்ட விண்ணப்பத்தின் மதிப்பைக் குறைத்தது பொறி! இச்செய்தியை 2018-இலே ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. அதற்கு முன்பே முயற்சி கைவிடப்பட்டிருந்தது. பழைய ஓரவஞ்சனையைப் புதிய பொறி பாடம் கேட்டுக்கொண்டது, அவ்வளவே!

வந்தவனின் நாணயத்தைத் துருவும் இந்த நிறுவனங்களின் நாணயம் எத்தகையது? ஒருவர் ஊழியரை மற்றவர் அழைப்பதில்லை என உடன்பாடு செய்துகொண்டதாக, ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி உள்ளிட்ட ஆறு நிறுவனங்கள்மீது அமெரிக்க நீதித்துறை 2010-இலே வழக்கிட்டது. ஊழியர் தொடுத்த வழக்கிலே, இந்த நான்கும் 41.5 கோடி டாலர் தர இசைந்தன. 2015-இலே நீதிமன்றம் அதை ஏற்றது. சரக்குக்குத் தடையற்ற சந்தை; உழைப்புக்குத் தாழிட்ட கொட்டடி!

நுழைவதற்கு இத்தனை வாயில்கள். வெளியேற? 2023 ஜனவரியிலே, தமிழ் மண்ணிலே பிறந்த சுந்தர் பிச்சையின் தலைமையிலே, கூகிளின் தாய் நிறுவனம் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. பலருக்கு அச்செய்தி மின்னஞ்சலாகவே வந்தது. தேர்வு இல்லை, குழு இல்லை, கோட்பாடும் இல்லை!

“ஆளைத் தேர்ந்தெடுக்க முதலாளிக்கு உரிமையில்லையா?” என்பர். உண்டு. தேர்ந்தெடுக்கட்டும்! அலைக்கழிக்க உரிமையில்லை என்கிறோம். பழைய சம்பளத்தைக் கேட்கலாகாது என்று கலிபோர்னியா 2018-இலே சட்டம் நடைமுறைப்படுத்தியது. 15 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைக் கூற வேண்டும் என்றது 2023-இலே. வானம் இடிந்ததா? வணிகம் மடிந்ததா?

நான்கு நேர்காணல்களே போதும் என்று கூகிளே ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. அதையே சட்டமாக்கு! தீட்டச் சொன்ன திட்டத்துக்குக் கூலி கொடு! மறுத்தால், காரணத்தை எழுதிக் கொடு!

வேலை கேட்பவன் பிச்சை கேட்கவில்லை, தோழா. தன் உழைப்பை விலை பேச வந்திருக்கிறான். விலை பேசும் இடத்திலே இரு தரப்புக்கும் வாய் உண்டு. அந்த வாயைத் திறக்கும் துணிவை அவனுக்குத் தரவேண்டியது சட்டம். அந்தச் சட்டத்தைத் தரவேண்டியது மக்கள் மன்றம்!