எந்தக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்

கேள்வி: எங்கள் போர்வெல் 650 அடி. 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார். மேலே தூக்கிப் பார்த்த மெக்கானிக், "கேபிள் போய்விட்டது, வாங்கி வாருங்கள்" என்றார். கடையில் "எந்தக் கேபிள்?" என்கிறார்கள். விலையும் பலவிதமாக இருக்கிறது. எதை வாங்குவது?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: கடைக்காரர் கேட்டது நியாயம்தான். கேபிள் என்பது முதலில் கப்பலின் நங்கூரத்தைக் கட்டும் தடித்த கயிற்றின் பெயர். கவலை இறைத்த காலத்தில் சாலை இழுத்த கயிற்றை நாம் வடம் என்போமே, அந்த மாதிரி. பின்னால் தந்தி, மின்சாரம், டி.வி. எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் போர்வெல்லிலேயே இரண்டு உண்டு: மின்சாரம் கொண்டுபோவது ஒன்று, மோட்டாரைத் தாங்கும் கம்பிக் கயிறு இன்னொன்று. போனது எது என்று முதலில் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மின்சாரக் கேபிள் என்றால், "சப்மெர்சிபிள் பிளாட் கேபிள், 3 கோர், காப்பர்" என்று சொல்லி வாங்குங்கள். வீட்டு வயரிங் வயரைத் தண்ணீருக்குள் இறக்கக் கூடாது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் மோட்டாரிலிருந்து 6 வயர் வரும். 3 கோர் கேபிள் இரண்டு வரிசை வேண்டும்.

விலை வேறுபடுவது பெரும்பாலும் பருமனால். 5 எச்.பி. மோட்டார் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். 650 அடி என்பது ஏறக்குறைய 200 மீட்டர். அந்த நீளத்தில் 1.5 சதுர மி.மீ. கேபிள் போட்டால் வழியிலேயே 33 வோல்ட் போல இறங்கிவிடும். 4 சதுர மி.மீ. என்றால் 14 வோல்ட்டுக்குள் நிற்கும். நம் ஊர் லைனில் வோல்டேஜ் ஏற்கெனவே குறைவு. மெல்லிய கேபிளில் மிச்சம் பிடித்த பணம் காயில் கட்டுபவரிடம்தான் போகும். உங்களுக்கு 4 வாங்குங்கள். கிணற்று வாயிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டி வரை உள்ள தூரத்தையும் நீளத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

பழைய கேபிளில் ஒட்டுப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உறை வெடித்திருந்தால் வேண்டாம். நல்ல கேபிளில் ஒரே ஒரு ஒட்டு என்றால், தண்ணீர் புகாத டேப் சுற்றி, மூன்று கோரின் ஒட்டும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெயர் கேபிள் என்பதற்காக அதைக் கயிறாக்கி மோட்டாரை இழுக்காதீர்கள். கேபிள் அறுந்தால் மோட்டாரும் போகும், போரும் அடைபடும். தூக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து பியூஸ் கேரியரைக் கழற்றி, வேலை செய்பவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.