ஐந்து மணிக்குப் பூட்டாதீர்கள்

இரத்தினபுரி எஹெலபொல வளவில் 1988 முதல் தேசிய நூதனசாலை இருக்கிறது. மாலை ஐந்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்துக்கு வந்து முகம் கழுவுபவருக்கு அதுதான் டவுனுக்குக் கிளம்பும் நேரம். பால் வெட்டும் என் மச்சானுக்கு மத்தியானமே வேலை முடிந்துவிடும். தூக்கத்தை விட்டு அவர் வரமாட்டார், அது வேறு கதை.

மாதத்தில் ஒருநாளாவது இரவு எட்டு வரை திறந்து வைத்தால் என்ன? மாணிக்கக் கற்களும் பழைய எலும்புகளும் இருக்கட்டும். ஒரு சுவரை மட்டும் ஹனுஷா சோமசுந்தரத்துக்குக் கொடுங்கள். மலையகத்து ஓவியர், தேயிலையையே பொருளாக வைத்துத் தோட்டப் பெண்களின் உழைப்பைக் காட்டுகிறவர். கொழும்பு பார்த்துவிட்டது. கொழுந்து பறிக்கிறவர்கள் எப்போது பார்ப்பது? என் அம்மா பார்த்தால் முதலில் விலைதான் கேட்பார். கேட்கட்டுமே.