கண்டதும் கற்றதும்: வெற்றிடமும் பேசும்

சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கவலை பிறக்கும். விழாச் சுவரொட்டியில் விரற்கடை இடம் மிஞ்சினாலும், "இங்கே இன்னாருடைய பெயரையும் போடலாமே!" என்பார் ஒருவர். முடிவில் பெயர்கள் எல்லாம் இருக்கும். விழா என்றைக்கு என்பதைத்தான் தேட வேண்டியிருக்கும். இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் அறிவிப்புத் தாள்களோடு பழகும் நமக்கே இந்தக் கதி.

இவ்வேளையில் வியன்னா நகரத்து ஓவியர் சிலரை நினைவுகூர்கிறோம். பழைய ஓவியர் சங்கத்தின் கட்டுப்பெட்டித்தனம் பொறாமல், 1897-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியேறித் தனி அமைப்புக் கண்டனர். 'செசெஷன்', அதாவது பிரிந்து செல்லுதல் என்பதே அதன் பெயர். முதல் தலைவர் குஸ்தாவ் கிளிம்ட். 1898-இல் நடந்த முதற் கண்காட்சிக்குச் சுவரொட்டி வரைந்தவரும் அவரே.

அதன் மேற்பகுதியில் கிரேக்கப் புராண வீரன் தீசியஸ், மாட்டுத்தலை அரக்கனான மினோட்டாரை வதைக்கிறான். பழமையைப் புதுமை வெல்லும் என்பது குறிப்பு. வலப்புறம் கேடயமும் வேலும் தாங்கி அதீனா தேவி நிற்கிறாள். நடுவிலோ பெரும்பகுதி வெறுந்தாள்! அவ்வெறுமையே பார்ப்போர் கண்ணை ஈர்க்கிறது.

வீரனின் நிர்வாணத்தைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. கிளிம்ட் மரத்தண்டுகளை வரைந்து அதை மறைத்தார்; போரையும் வெற்றிடத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே அமைப்பைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரோலர் 1903-இல் பதினாறாம் கண்காட்சிக்கு வரைந்தது வேறு வகை. அமைப்பின் பெயரிலுள்ள மூன்று 'எஸ்' எழுத்துக்களையும் கொடிபோல் கீழ்நோக்கி ஓடவிட்டார். அடியில் செய்தியைக் கட்டங்கட்டமான எழுத்துக்களால் இடைவெளியின்றி அடைத்தார். நின்று நிதானித்தாலன்றிப் படிக்க இயலாது. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1960-களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் இசை நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டி வரைந்த வெஸ் வில்சன், ரோலரின் எழுத்துக்களைக் கண்டே தம் பாணியை வளர்த்தார்.

ஆகவே, நிரம்பிய தாளும் அழகாகலாம். ஆனால் ரோலர் ஓர் ஒழுங்கிற்காக நிரப்பினார்; நாமோ முகதாட்சணியத்திற்காக நிரப்புகிறோம். வேறுபாடு அங்கேதான்.

இவ்வாண்டுச் சுவரொட்டியில் முதற்கண் நம் பெயரையே நீக்கிவிடுமாறு செயலாளரிடம் சொல்லிவிட்டோம். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். விழா நாளேனும் பளிச்சென்று தெரியும்.