காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா மலிவு? துப்பாக்கிக்குப் பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்திலும், மரவள்ளி கிழங்கு பருக்கும் நேரத்திலும் ஓமலூர், காடையாம்பட்டி பக்கத்து விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டதாமே! நாங்களும் லைசென்ஸ் எடுத்தால் எந்தத் துப்பாக்கி வாங்கலாம், எந்தத் தோட்டா கட்டுப்படியாகும்?" பணத்தை வெளியே எடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சட்டம் என்ன சொல்கிறது, தோட்டா எவ்வளவு தூரம் போகும், அதே பணத்தில் வேறு என்ன செய்யலாம்.

அரசு கொடுத்த அனுமதி யாருக்கு?

2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அப்போதைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி அறிவித்த திட்டத்தின்படி, காப்புக்காட்டு எல்லையில் இருந்து உள்ள தூரத்தை வைத்து மூன்று பகுதிகள் பிரிக்கப்பட்டன. 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். நிலத்துக்காரர் கையில் இந்த அனுமதி கொடுக்கப்படவில்லை.

ஓமலூர் வட்டாரத்தில் இந்தத் தூரக் கணக்கு முக்கியம். சேர்வராயன் மலை அடிவாரத்தில் டேனிஷ்பேட்டை, காடையாம்பட்டி பக்கம் காட்டை ஒட்டியே பல தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பன்றி வந்தாலும் சுட வழியில்லை. சரபங்கா நதிக்கரைப் புதரில் பன்றி தங்கி, காப்புக்காடு 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் மனுவுக்குப் பலன் உண்டு. கஞ்சமலை போன்ற தனி மலைகளும் கணக்கில் வரும் என்பதால், உங்கள் சர்வே எண்ணைச் சொல்லி வனச்சரகர் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் கதை வேறு. 2022 மே மாதம் அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவரை அவர்கள் அழைத்துச் சுடச் சொல்லலாம். "நம்ம ஊராட்சியிலும் அப்படிச் செய்யலாமே" என்று கேட்கிறீர்கள். சேலம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதிகாரம் கொடுத்திருந்தாலும் அதை வாங்கிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அன்றைக்கு இல்லை.

லைசென்ஸ் இருந்தால் சுடலாமா?

முடியாது. துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தருவது 1959 ஆயுதச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பன்றியைக் கொல்ல அனுமதி தர வேண்டியது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இரண்டும் தனித்தனி. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரைக் காக்கத் தாக்கினால் விலக்கு உண்டு. பயிரைக் காக்க என்றால் அந்த விலக்கு கிடையாது. செத்த பன்றியும் அரசுச் சொத்து. கறியைப் பங்கு போட்டாலும் வழக்குத்தான்.

தோட்டாவின் கணக்கு

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "223 தோட்டா மலிவாமே, 400 மீட்டரில் அடிக்கலாமாமே" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் அது உண்மைதான். 223 ரெமிங்டன் என்பது அவர்கள் ராணுவம் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏறக்குறைய இரட்டைப் பிறவி. கோடிக்கணக்கில் தயாராவதால் விலை குறைவு. 308 தோட்டாவுக்கும் அதே காரணம். ஆளில்லாத புல்வெளியில், சுமார் ஒரு கிலோ எடையுள்ள புல்வெளி நாயைத் தூரத்தில் இருந்து அடிக்க அங்கே தனிக் குழல் போட்டு ரைபிள் செய்துகொள்கிறார்கள்.

நம் நாட்டில் கணக்கு தலைகீழ். ராணுவ அளவுத் தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ஆங்கிலேயர் காலத்தில் 303 தோட்டா மக்கள் கைக்குப் போகக் கூடாது என்றுதான் 315 என்ற தனி அளவு இங்கே புழக்கத்துக்கு வந்தது. அதனால் உரிமம் கிடைத்தாலும் உங்கள் முன்னே இருப்பது பெரும்பாலும் மூன்றே தேர்வுகள்.

முதலாவது 22 தோட்டா. இருப்பதிலேயே மலிவு. ஆனால் குண்டின் எடை 2.6 கிராம்தான். பன்றியின் தோள்பட்டைத் தோலையும் எலும்பையும் தாண்டி அது உறுதியாகக் கொல்லாது. காயம்பட்ட பன்றி புதருக்குள் ஓடும். மறுநாள் காலை களை எடுக்கப் போகும் பெண்கள் மேல்தான் பாயும். குறி தவறிய குண்டோ ஒன்றரை மைல் வரை ஆபத்து. தோட்டா பெட்டியிலேயே இந்த எச்சரிக்கையை அச்சிடுவார்கள்.

இரண்டாவது 12 போர். பெரிய ரவைத் தோட்டா சுமார் 30, 40 மீட்டருக்குள்தான் நம்பிக்கையாக வேலை செய்யும். அதற்கு மேல் ரவை சிதறிவிடும். தூரம் போகாதது இங்கே குறையல்ல, நல்லது.

மூன்றாவது 315 ரைபிள். பன்றியை வீழ்த்தப் போதுமான சக்தி உண்டு. ஆனால் தப்பிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். ஓமலூர் சமவெளியில் தோட்டத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஆட்டுப்பட்டி. இரவு நேரத்தில் தண்ணீர் கட்ட ஆள் நடமாட்டம். நான்கு வழிச்சாலையும் பக்கம். குண்டை வாங்கிக்கொள்ள மண்மேடு இல்லாத இடத்தில் நெடுந்தூர ரைபிளுக்கு வேலையே இல்லை. வனத்துறையினர் சுட வந்தாலும், பரண் மேல் இருந்து கீழ்நோக்கி, குண்டு மண்ணில் இறங்கும்படிதான் சுடுவார்களா என்று கேளுங்கள். அன்றிரவு அக்கம்பக்கத்தில் யாரும் வயலில் இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஆக, மலிவான தோட்டா பன்றியைக் கொல்லாது; கொல்லும் தோட்டா நம் சமவெளிக்குப் பொருந்தாது.

குறுக்கு வழி வேண்டாம்

அவுட்டுக்காய் வைப்பதும் வேலியில் நேரடி மின்சாரம் விடுவதும் தோட்டாவைவிட மலிவு என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் செத்தன. நிலத்துக்காரர் கைதானார். இதே வேலியில் நம் பிள்ளைகளும் மாடுகளும் சாகலாம்.

அதே பணத்தில் என்ன செய்யலாம்?

1. சூரிய மின்வேலி: இது விட்டுவிட்டு அதிர்ச்சி தரும், கொல்லாது. பன்றிக்கு முக்கியம் கீழ்க்கம்பி. தரையில் இருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். புல் உரசினால் வேகம் குறையும் என்பதால் அடியில் செதுக்கி வையுங்கள். 2023 மின்வேலி விதிகளின்படி பதிவு தேவை. மானிய நிலவரத்தை வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள்.

2. வரப்புப் பயிர்: மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக 4 வரிசை ஆமணக்கு, நிலக்கடலையைச் சுற்றி முள் உள்ள குசும்பா. ஆமணக்கு ரகத்துக்கு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தையும், மற்ற ஆலோசனைக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

3. கூட்டு வேலை: ஒருவர் மட்டும் வேலி போட்டால் பன்றி அடுத்தவர் காட்டுக்குப் போகும். ஒரே பகுதியில் உள்ள பத்துப் பேர் சேர்ந்து புதரை அகற்றி, ஒரே வேலியாகப் போட்டால் ஏக்கருக்கான செலவு இறங்கும்.

4. காப்பீடு: வனவிலங்குச் சேதத்தைப் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் 2026 காரிப் பருவம் முதல் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும். நம் மாவட்டமும் காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பிரீமியம் கட்டும் முன்பே வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு பதிய வேண்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. சேதம் ஆனதும் தேதியோடு படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிடமும் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சுடும் உத்தரவு, நிவாரணம், காப்பீடு எதைக் கேட்டாலும் முதலில் கேட்கப்படும் ஆதாரம் அந்தத் தாள்தான். பத்து வீட்டு மனு ஒன்றாகச் சேர்ந்தால், உங்கள் ஊரைத் தள்ளிவைப்பது யாருக்கும் சுலபமாக இருக்காது.