எஞ்சினின் மூளையும் அதன் திறவுகோலும்

கருவியை வாங்குதல் வேறு. கருவியை ஆளுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எக்காலத்தும் உண்டு. அம்மயக்கம் மலிந்து கிடக்கும் துறையொன்றைப் பற்றியே இம்மலரில் எமது கருத்தைக் கூற முன்வந்துள்ளோம். ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய பேச்சு ஒரு கல்லூரி மலருக்கு ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். கல்லூரி ஆய்வுகூடத்திலே தராசையும் வெப்பமானியையும் கையாளக் கற்ற பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும் மெல்பேணிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுட் சிலர் பழைய காரொன்றை வாங்கி, அதன் வலுவைக் கூட்டி ஓட்டுவதிற் பெருவிருப்புடையராய் இருக்கின்றனர். “எந்த எஞ்சின் முகாமைக் கணனியைப் பூட்டலாம்?” என்பதே அவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. இக்கேள்விக்கு விடை காணப் புகுமுன், அக்கணனி செய்யும் தொழில் யாதென்பதை அறிதல் நன்று.

எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலும்போது, அதன் அச்சு ஆயிரத்திலொரு செக்கனில் 36 பாகை திரும்பிவிடுகிறது. உள்ளிழுத்தல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு செயல்களும் 20 மில்லிசெக்கனில் நடந்து முடிகின்றன. அத்துணைச் சிறு பொழுதில், எவ்வளவு பெற்றோலைத் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறியை எழுப்புவது என்னும் இரண்டையும் கணனி தீர்மானித்தல் வேண்டும். இதன் பொருட்டு அதனுள்ளே அட்டவணைகள் உள்ளன. ஒரு பக்கம் சுழற்சி வேகம். மறுபக்கம் உட்செல்லும் வளியின் அமுக்கம். பதினாறுக்குப் பதினாறாக அமைந்த அட்டவணையில் 256 கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அவ்வெண்ணை இட்டவன் மனிதன். எனவே, கணனியின் அறிவு என நாம் வியப்பதெல்லாம் உண்மையில் அவ்வட்டவணையை எழுதிய மனிதனின் அறிவேயாகும்.

காபரேட்டர் செய்த தொழிலை மின்சுற்றுக்கள் ஏற்றுக்கொண்டது புதிய செய்தியன்று. பொஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் முறை 1967ஆம் ஆண்டில் வொக்ஸ்வாகன் 1600 காரிற் பூட்டப்பெற்றது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணனியின் ஆட்சிக்குள் கொணர்ந்த அந்நிறுவனத்தின் மொட்ரோனிக் முறை 1979இல் பி.எம்.டபிள்யூ 732ஐ காருடன் வந்தது. தொழிற்சாலையிலே பொருத்தப்படும் இக்கணனிகள் தாம் பிறந்த எஞ்சினை நன்கு அறிந்தவை. எஞ்சினை நாம் மாற்றியமைத்ததும் அவற்றின் அறிவு போதாமற் போகிறது.

இதற்கு நாம் நன்கறிந்த உதாரணம் 1989ஆம் ஆண்டில் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்-5. அதன் 1.6 லீற்றர் எஞ்சின், உட்செல்லும் வளியை ஒரு மடலின் அசைவைக் கொண்டு அளக்கிறது. வளி தள்ளத் தள்ள மடல் திறக்கும். அவ்வெஞ்சினுக்கு டேர்போவைப் பூட்டி வளியை அமுக்கிச் செலுத்தினால் மடல் முற்றாகத் திறந்து நின்றுவிடும். அதன்மேல் எவ்வளவு வளி சென்றாலும் கணனி அறியாது. அதன் ஒட்சிசன் உணரியோ பெற்றோலும் வளியும் 1க்கு 14.7 என்னும் விகிதத்தைச் சூழ்ந்து, கூடிற்றா குறைந்ததா என்று மட்டுமே கூறவல்லது. டேர்போ வேலை செய்யும்போது வேண்டப்படுவது ஏறத்தாழ 1க்கு 12 என்னும் செறிந்த கலவை. அதனை அளப்பதற்கு அகல்வீச்சு ஒட்சிசன் உணரி இன்றியமையாதது.

இந்நிலையில் வழிகள் மூன்று. தொழிற்சாலைக் கணனிக்குச் செல்லும் சமிக்ஞைகளை இடையில் நின்று திரிக்கும் சிறு பெட்டியொன்றைப் பூட்டுதல் முதலாவது. இது மலிவு, ஆயினும் ஒருவருக்குப் பொய் சொல்லி வேலை வாங்குவது போன்றது. தொழிற்சாலைக் கணனியின் அட்டவணைகளையே திருத்தி எழுதுதல் இரண்டாவது. கியர்ப்பெட்டி, பிறேக், காற்றுப்பை யாவும் கணனிகளாற் பிணைக்கப்பட்டுள்ள இக்காலக் கார்களுக்கு இதுவே பெரும்பாலும் தக்க வழி. பழைய கணனியை நீக்கித் தனிக் கணனியொன்றை நிறுவுதல் மூன்றாவது. பழைய எம்.எக்ஸ்-5 போன்ற கார்களுக்கு இதனையே பலரும் நாடுவர். ஆஸ்திரேலியாவின் ஹோல்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க் என்பன இத்துறையிற் பேர்பெற்றவை. பௌலிங், கிறிப்போ என்னும் அமெரிக்கர் இருவர் உருவாக்கிய மெகாஸ்குவேட், வாங்குபவர் தம் கையாலே பற்றாசு பிடித்து முடிக்கத்தக்க தொகுதியாகப் பரவியது. ஸ்பீடுயினோ என்பதோ தன் வரைபடத்தையும் நிரலையும் யாவரும் காண வெளியிட்டிருப்பது.

இவற்றுள் எதனைத் தெரிவது? இளைஞர் பெரும்பாலும் விளம்பரத் தாளிலுள்ள சிறப்புகளை எண்ணி, எண்ணிக்கை கூடியதை வாங்குகின்றனர். எம் கருத்தில் இது தலைகீழான முறை. முதலிற் செய்யவேண்டியது ஒரு சிறு கணக்கு. டேர்போ பூட்டிய பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு பரிவலுவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 கன சென்ரிமீற்றர் பெற்றோல் தேவை. 200 பரிவலு வேண்டுமாயின் 1,200. நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 300. இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்திருத்தலாகாது. நூற்றுக்கு 85 பங்கு நேரமே திறக்கலாமெனக் கொண்டால் ஏறத்தாழ 350 கன சென்ரிமீற்றர் கொள்திறன் வேண்டும். அக்காருடன் வந்த இன்ஜெக்டரோ ஏறத்தாழ 200தான். அவ்வாறே, வளிமண்டல அமுக்கத்தின்மேல் அரைப் பங்கு கூட்டி அமுக்கப்படும் வளி 150 கிலோபாஸ்காலை எட்டுமாதலின், அமுக்க உணரி அதற்கு அப்பாலும் அளக்கவல்லதாய் இருத்தல் வேண்டும். இக்கணக்குகளைச் செய்யாது கணனி வாங்குவது அளவெடாது சட்டை தைப்பதற்கு ஒப்பாகும்.

ஈண்டு எம் சொந்தத் தவறொன்றை மறையாது கூறுதல் கடன். மெல்பேணில் எம்மிடமிருந்த 1.6 லீற்றர் எம்.எக்ஸ்-5க்கு டேர்போ பூட்டிய காலத்தில், கைக்கு எட்டியவற்றுள் மிக விலையுயர்ந்த கணனியையே நாம் வாங்கினோம். கராச்சிலிருந்த வல்லுநர் ஒருவர் 98 ஒக்டேன் பெற்றோலுக்கு ஏற்ப அதன் அட்டவணைகளை எழுதினார். அவர் வேலையிற் பழுதில்லை. ஆயின், கோப்பைக் கடவுச்சொல்லாற் பூட்டிவிட்டார். நாமும் கேட்கவில்லை. ஓராண்டில் அவர் தொழிலை மூடி வேற்று மாநிலம் சென்றார். அடுத்த கோடையில் மலைப்பக்கமாகச் சென்றபோது, அங்கிருந்த நிலையத்தில் 95 ஒக்டேனே கிடைத்தது. தீப்பொறியைச் சில பாகை பிந்தவைத்தாற் போதும் என்பதை அறிந்திருந்தோம். மடிக்கணனியும் கையில் இருந்தது. கோப்பு மட்டும் திறக்கவில்லை. மெதுவாய்ச் செல்வோம் எனப் புறப்பட்டு, நீண்ட ஏற்றமொன்றிற் பொறுமையிழந்து காலை அழுத்தினோம். கராச்சுகளில் ‘நொக்’ என வழங்கும் அதிர்வெடிப்பு ஒலித்தது. சிறிது நேரத்தில் நீலப்புகை எழுந்தது. கழற்றிப் பார்த்தபோது, மூன்றாம் உருளையில் பிஸ்டன் எனும் முசலத்தின் வளைய விளிம்பு உடைந்திருந்தது. அதிர்வெடிப்பை உணர்ந்து தானே தீப்பொறியைப் பிந்தவைக்கும் ஆற்றல் எம் கணனிக்கு உண்டு. அதற்கான உணரியை எவரும் பூட்டியிருக்கவில்லை! விலை கொடுத்து வாங்கிய சிறப்பு விளம்பரத் தாளிலேயே தங்கிவிட்டது. புது எஞ்சினுக்கும் புது அட்டவணைக்கும் நாம் செலவிட்ட பணம் முதற் கணனியின் விலையை மிஞ்சியது.

இதனால் நாம் கற்ற பாடம் மூன்று கேள்விகளில் அடங்கும். ஒன்று: என் ஊரில் இக்கணனியை நன்கறிந்து, டைனோவில் நிறுத்திச் சீரமைக்கவல்லவர் யார்? எவரும் அறியாத உயர்ந்த கணனியிலும், அருகிலிருப்பவர் பத்தாண்டு பழகிய எளிய கணனி மேலானது. இரண்டு: உணரிகளுக்கும் வயர்த் தொகுதிக்கும் போதிய பணத்தை ஒதுக்கினேனா? தளர்ந்த இணைப்பொன்றினால் வரும் பொய்யான அளவை எவ்வளவு சிறந்த கணனியும் மெய்யென்றே நம்பும். மூன்று: வேலை முடிந்ததும் அட்டவணைக் கோப்பு பூட்டின்றி என் கைக்கு வருமா? இம்மூன்றாவதே தலையாயது. இதற்கு ‘இல்லை’ என்று விடை வருமாயின், அவ்விடத்தை விட்டு அகலுக என்பதே எம் துணிபு.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அட்டவணை வல்லுநரின் உழைப்பு. அதனைப் பிறர் பிரதி செய்து விற்றல் கூடுமே என்பர். அது மெய்யே. அவ்வுழைப்புக்கு உரிய விலையைக் கூட்டிக் கேட்கட்டும், கொடுப்போம். அறியாத உரிமையாளர் கைவைத்துக் கெடுத்துவிட்டு வல்லுநரைப் பழிப்பர் என்றும் கூறுவர். அதுவும் மெய்யே. அதற்கு மருந்து, முடித்த நாளின் கோப்பை இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுதல். பின்னர் மாற்றியவர் எவரென்பது தானே புலப்படும். வைத்தியர் மருந்துச் சீட்டை எழுதித் தருகிறார். அதனால் அவர் தொழில் கெட்டதில்லை. நோயாளி வேறூரில் வீழ்ந்தால், அங்குள்ள வைத்தியருக்கு அச்சீட்டே துணை.

கோப்பு கையில் இருந்தாற் போதும் என்று கருதுவதும் பிழை. இலங்கையிலுள்ள இளைஞர் சிலர் அமெரிக்க நண்பர் அனுப்பிய அட்டவணையை அவ்வாறே ஏற்றிவிட எண்ணுகின்றனர். அமெரிக்கப் பெற்றோல் நிலையங்களில் எழுதப்படும் 93 என்னும் எண் இருவேறு சோதனைகளின் சராசரி. அது எமது முறையில் ஏறத்தாழ 98 ஒக்டேனுக்குச் சமம். இங்கு பெரும்பாலும் விற்கப்படுவன 92உம் 95உமே. எண்கள் ஒத்திருக்கக் கண்டு மயங்கி 92ஐ ஊற்றினால், எம் பிஸ்டனுக்கு நேர்ந்ததே அவர்தம் பிஸ்டனுக்கும் நேரும். எமது வெயிலும் அவ்வழிவுக்கு உதவி செய்யும். பிறர் அட்டவணை வாசித்துக் கற்பதற்கு உரியது. அளவிட்டுப் பாராமல் ஓட்டுவதற்கு உரியதன்று.

கல்லூரியிற் கணிதம் கற்ற காலத்தில், விடை சரியாயிருந்தும் செய்கையைக் காட்டாத கொப்பிக்கு ஆசிரியர் புள்ளி வழங்கியதில்லை. அந்நாளில் அதனை அநீதியென்று கருதினோம். விடை பிழைக்கும் நாளிற் செய்கையே வழிகாட்டும் என்பதை உடைந்த முசலமொன்றைக் கையில் ஏந்தி நின்றபோதே உணர்ந்தோம். எமது பழைய மாணவரின் பிள்ளைகள் தம் கார்களுக்கு எக்கணனியை வேண்டுமாயினும் தெரிந்து கொள்ளட்டும். பணம் கொடுக்குமுன், செய்கையைக் காட்டுமாறு அவர்கள் கேட்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.